பெரகல முடக்கில் கேட்ட சத்தம்

1

கழுத்து வலிக்குத் தைலமும் முழங்கால் வலிக்குப் பட்டியும் வைத்திருக்கும் ஐம்பத்து மூன்று வயது மனிதன் ஒருவன், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். அந்த மனிதன் நான்தான். அதோடு நின்றிருந்தால் வயசுக்கோளாறு என்று ஊர் மன்னித்திருக்கும். அந்தக் காருக்கு நானே எண்ணெய் மாற்றப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுவதையும் புகையால் மூடி, எதிர்வீட்டு மூதாட்டியைப் படுக்கை உடுப்போடு வீதிக்கு வரவழைத்தேன்.

காரின் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் பண்டாரவளையில் இருக்கும் மாமனார் வீட்டார் நான் வசதியாகிவிட்டேன் என்று நம்பிவிடுவார்கள். உண்மையில் அது என் மகள் தாரணியைவிட வயதில் மூத்த வண்டி. என் கைக்கு வரும் முன்பே நாலைந்து பேரை ஏமாற்றிய அனுபவம் உள்ளது. நான் குடியிருக்கும் நாட்டின் பேரையும் எழுத மாட்டேன். அதற்குக் காரணம் வேறு. அந்த நாட்டு விசா மேசை ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்று என் மனைவி அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். "ரெண்டே சீட்டு," என்றாள். "ஒண்ணு ஒங்களுக்கு. மத்தது யாருக்கு?"

அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

2

மற்ற சீட்டு அண்ணனுக்கு.

ராசு அண்ணன் கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லொறி டிரைவராக இருந்தார். மலையிலிருந்து கொழுந்தை ஃபெக்டரிக்கு ஏற்றுவதும், ஃபெக்டரியிலிருந்து தேயிலைப் பெட்டிகளை அப்புத்தளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் வேலை. பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் முன் சீட்டில் ஏறிக்கொள்வேன். வேகம் என்ற சொல்லுக்கு அந்த லொறியில் இடமே இல்லை. பெரகல ஏற்றத்தில் நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போய், மேலே கடையில் டீ குடித்துக்கொண்டு, நாங்கள் வந்து சேரும்போது கை காட்டுவார்கள்.

ஒரு நாள் பின்னேரம் அந்த ஏற்றத்தில் மலைமூடுபனி, எங்கள் பேச்சில் மிஸ்ட், இறங்கிவிட்டது. லொறியின் மூக்கே தெரியாத மிஸ்ட். அண்ணன் ஒரு முடக்கில், பாதை வளையும் இடத்தில், ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். அப்போதுதான் கீழே, கொஸ்லந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் தேனீக்கூட்டம் மாதிரி. பிறகு பெரிய புடவைக் கடையில் ஒரே இழுப்பில் துணி கிழிப்பது மாதிரி. ஒவ்வொரு முடக்கிலும் தணிந்து, அடுத்த நேர் பாதையில் எழும்பி, மறுபடி தணிந்து ஏறி வந்தது. எங்களைக் கடந்தபோது மிஸ்டுக்குள் ஒற்றைச் சிவப்பு வெளிச்சம் ஒன்று போனதைப் பார்த்தேன். வேறு ஒன்றும் தெரியவில்லை. பெரகலச் சந்தியைத் தாண்டி, அப்புத்தளைப் பக்கம் திரும்பி, மலைக்கு மறுபுறம் மறையும் வரை அது கேட்டுக்கொண்டேயிருந்தது. மறைந்த பிறகும் அண்ணன் சாவியைத் தொடவில்லை.

"ரேஸ் காருண்ணே!" என்றேன். எனக்குப் பத்து வயது. உலகத்தில் வேகமான எல்லாமே எனக்கு ரேஸ் கார்தான்.

மிஸ்ட் விலகியதும் அண்ணன் மேலே கடையில் டீ குடிக்க இறங்கினார். அன்றைக்கு ஃபெக்டரிக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்து தோட்டத்துத் துரையிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் குடியிருந்த லயத்தில் எங்கு திரும்பினாலும் அந்தச் சத்தம்தான். குளிக்கும்போது, விறகு பிளக்கும்போது, சோற்றுக் கோப்பையைக் கழுவும்போது, உதட்டைக் குவித்து அண்ணன் பெரகல ஏற்றத்தை ஏறிக்கொண்டேயிருந்தார். "கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று அம்மா கரண்டியோடு வருவார். அண்ணன் கியரை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவார்.

பல வருடங்கள் கழித்து, இந்த ஊரில், ஒரு சிக்னலில் நின்றபோது என் பக்கத்தில் வந்து நின்ற வண்டியிலிருந்து அதே சத்தம் கேட்டது. அதே சத்தம்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். வாங்கியது பிறகு. ஆனால் விழுந்தது அங்கேதான்.

3

நான் ஊருக்குப் போய் வந்திருக்கிறேன். போகாமல் இல்லை. ஆனால் நான் எங்கே தூங்குகிறேன், எந்த ஜன்னலால் வெளியே பார்க்கிறேன், எந்தக் கடையில் பாண் வாங்குகிறேன் என்பதை எங்கள் வீட்டில் ஒருவர்கூட வந்து பார்த்ததில்லை. அம்மா பார்க்காமலே போய்விட்டார். மிச்சம் அண்ணன் ஒருவர்தான். அவர் வந்து ஒரு தரம் பார்த்துவிட்டால், நான் இங்கே இருப்பது உறுதியாகிவிடும் என்று எனக்கு ஓர் எண்ணம். விசித்திரமான எண்ணம்தான். இந்த நாட்டுக் கடவுச்சீட்டால் முடியாததை அண்ணனின் ஒரு பார்வை செய்துவிடும் என்று நம்பினேன்.

விசாவுக்குப் போட்டோம். மறுத்துவிட்டார்கள். விண்ணப்பதாரர் தன் நாட்டுக்குத் திரும்பிச் செல்வார் என்பதில் தங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

பதுளையில் கல்யாண வீடு என்றால்கூட அண்ணன் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். அடுத்தவர் வீட்டுத் தலையணையில் அவருக்குத் தூக்கம் வராது. அவரைப் பார்த்துத்தான் இப்படி ஒரு சந்தேகம். தேயிலை பறிக்கக் கடல் தாண்டி வந்த எங்கள் சனத்தைப் பார்த்துத் திரும்பிப் போ, திரும்பிப் போ என்று சொன்ன அரசாங்கங்கள் உண்டு. நீ திரும்பிப் போக மாட்டாய் என்று பயந்த அரசாங்கம் இது ஒன்றுதான்.

நான் தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டியபோது அண்ணன் சிரித்தார். "நான் திரும்பி வரமாட்டேன்னு அவனுக்கு யாருடா சொன்னது? ஒம் மதினியா?"

சிரித்தாரே தவிர, அதற்குப் பிறகு மறுபடி போடலாமா என்று கேட்டால், "மழை வருது, வைக்கிறேன்," என்பார். எங்கள் பேச்சும் சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, குளிர்தான். அம்மாவின் திவசத்தன்று மட்டும் கொஞ்சம் நீளும், அதுவும் யார் யார் வந்தார்கள் என்று மதினி சொல்வதால். தாரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பெரியப்பா என்றால் ஒரு நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் உள்ள ஆள் என்று நம்பியிருந்தாள். அண்ணன் போனை அவ்வளவு கிட்டத்தில் பிடிப்பார். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். அந்த நெற்றியையும் மறந்துகொண்டு வந்தாள். போனை நீட்டினால் "ஹாய் பெரியப்பா, நல்லமா இருக்கு?" என்பாள். அதற்கு மேல் அவளிடமும் தமிழ் இல்லை, அவரிடமும் கேள்வி இல்லை.

கார் வாங்கியதை இந்த வருடத் திவசத்தன்றுதான் சொன்னேன்.

"எண்ணெய் மாத்திட்டியா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே."

"பழைய வண்டிய வாங்கினா மொத வேல அதுதானடா. எவன் என்னத்த ஊத்தி வச்சிருக்கானோ. சனிக்கிழமை போனப் போடு. நான் பார்க்கிறேன்."

விசா மறுத்த பிறகு, என்னிடம் பதில் எதிர்பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது. இந்த ஊரில் அந்தக் காரைத் தொடத் தெரிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்க நான் என்ன மடையனா?

4

சனிக்கிழமை உதவிக்கு என் கூட்டாளி நிசாம் வந்தான். பதுளை பஸாரில் அவன் வாப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. இங்கே அவனுக்குக் கோழி பொரிக்கும் கடை. "எண்ணெய் மாத்துறது என்ட தொழில் மச்சான். கிழமைக்கு ரெண்டு தரம் மாத்துறன்," என்று சொல்லிக்கொண்டே, கோழி படம் போட்ட வெற்று எண்ணெய் டின்களை வேனிலிருந்து இறக்கினான்.

போனை ஒரு வாளியில் சாய்த்து வைத்தேன். திரையில் அண்ணனின் நெற்றி வந்தது.

"பொனட்டத் தொற."

திறந்தேன். உள்ளே ஒரு பெட்டி வைக்கும் இடமும் டயரோடு ஒரு மாற்றுச் சில்லும் இருந்தன.

"என்னாடா, எஞ்சினக் காணோம்?"

"எஞ்சின் பின்னுக்கு நானா," என்றான் நிசாம். அவன் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள்.

"வாங்கறப்ப பார்த்துதான் வாங்குனானா அவன்?"

அதற்குமேல் வந்தது உண்மையான சிக்கல். சாதாரண வண்டியில் எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். எண்ணெய் அதில் கிடக்கும். இந்தக் காரில் எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தங்குவதில்லை. அதற்குத் தனியாக ஒரு டாங்கி. ஒரு பம்ப் எஞ்சினிலிருந்து எண்ணெயை உறிஞ்சி டாங்கிக்கு அனுப்பும், இன்னொன்று டாங்கியிலிருந்து எஞ்சினுக்குத் தள்ளும். இதைக் கையேட்டில் படித்திருந்தேன். அண்ணனுக்கு விளக்கினேன்.

"எண்ணெய்க்குத் தனி வீடா? எதுக்கு?"

"முடக்குல வேகமா திரும்பறப்ப எண்ணெய் ஒரு பக்கமா ஒதுங்கிருமாம்ணே. எஞ்சின் காஞ்சிருமாம்."

"நம்ம லொறி பெரகல முடக்குல எந்தப் பக்கமெல்லாம் சாஞ்சிருக்கு. எண்ணெய் என்னைக்காச்சும் கோவிச்சுக்கிச்சா?"

"அது சாஞ்சது லோடுக்கு, நானா. இது சாயிறது வேகத்துக்கு," என்றான் நிசாம்.

"வேகமா போறவனுக்குத்தான் எத்தன வசதி," என்றார் அண்ணன்.

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, அடியில் படுத்தேன். படுத்தேன் என்பது சுலபமாக எழுதிவிட்ட சொல். என் வயிறு காரின் அடிப்பாகத்தில் தட்டி, என்னை மேலும் உள்ளே போக விடாமல் தடுத்தது. நிசாம் காலைப் பிடித்துத் தள்ளினான். டாங்கியில் ஒன்று, எஞ்சினில் ஒன்று என்று இரண்டு இடங்களில் எண்ணெய் வடிக்க வேண்டும். இரண்டாவது மூடியைக் கழற்றியபோது எண்ணெய் டின்னில் விழாமல் என் முழங்கை வழியாக உள்ளே இறங்கியது. நான் கத்திய கத்தலில் அண்ணன் நிதானமாக, "சுடுதுல்ல? அப்பத்தான் அழுக்கோட வரும்," என்றார். வடிந்துகொண்டே இருந்தது. லொறிக்கு ஊற்றுவதைப் போல் கொள்ளளவு. நிசாம் டின்னுக்கு டின் மாற்றினான்.

வடியும் நேரத்தில் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அண்ணன் பேசினார். லொறியை விற்றுவிட்டார்களாம், இப்போது கொழுந்து ஏற்ற ட்ரக்டர் வருகிறதாம். மேட்டு லயத்தில் கூரைத் தகரம் பறந்துவிட்டதாம். அப்புத்தளை ஸ்டேஷனில் இப்போது வெள்ளைக்காரர்கள்தான் அதிகமாம், தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கிறார்களாம். காரின் அடியில் மல்லாந்து கிடந்தபடியே கேட்டேன். தலைக்கு மேலே யாரோ ஒருவருடைய நாட்டின் இரும்பு, காதில் பெரகல. வருடக்கணக்கில் அப்படி ஒரு பேச்சு எங்களுக்குள் இருந்ததில்லை. எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் குறைந்தபோது எனக்குக் கவலையாகிவிட்டது.

ஃபில்டரை மாற்றி, புது எண்ணெயை ஊற்றி, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினோம். "இன்னிக்கி பார்க்காத. எண்ணெய் எறங்கணும்," என்றார் அண்ணன். "காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி எண்ணெய்க் கம்பிய இழுத்து மட்டம் பார்க்கணும். நானும் வர்றேன்."

5

அந்தக் கையேட்டில் கம்பெனி தோன்றிய வரலாறு வரைக்கும் படித்திருந்தேன். எண்ணெய் மட்டம் பார்ப்பது எப்படி என்ற பக்கத்தைத்தான் புரட்டிவிட்டேன். எண்ணெய் பார்க்க எனக்குப் புத்தகமா? வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிக்கும் முன்பே எழும்பி, டோர்ச் வெளிச்சத்தில் கம்பியை இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்த டிரைவரின் தம்பி நான். குளிர்ந்த எஞ்சினில், ஸ்டார்ட் பண்ணும் முன். எங்கள் வீட்டில் பல் விளக்குவதற்கும் முந்திய ஒழுக்கம் அது.

ஞாயிறு காலை கம்பியை இழுத்தேன். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது.

"ஒண்ணுமே இல்லண்ணே!"

"குடிச்சிருச்சுடா. புது எண்ணெய்ல்ல, பசி. ஊத்து."

ஊற்றினேன். கம்பியில் ஒன்றும் ஏறவில்லை. "இன்னும் ஊத்து," என்றார். நிசாம் மட்டும் டின்னைத் தூக்கிப் பார்த்து, "மச்சான், கணக்கா இரிக்கா இது?" என்றான். டிரைவர் பரம்பரைக்காரர் இருவருக்கு நடுவே ஒரு கோழிக்கடைக்காரனின் அபிப்பிராயத்தை யார் கேட்பது? கம்பியின் நுனி நனையும் வரை ஊற்றினேன். பிறகு அண்ணன் சொன்னார்: "சரி, ஸ்டார்ட் அடி. சத்தத்தக் கேப்போம்."

அதற்காகத்தான் இத்தனையும். சாவியைத் திருப்பினேன்.

பிடித்தது. முதலில் தேனீக்கூட்டம். காலைக் கொஞ்சம் அழுத்தினேன், துணி கிழிந்தது. எஞ்சின் சூடேறட்டும் என்று ஓடவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து வெள்ளையாக ஒரு சுருள் எழுந்தது. பிறகு ஒரு மூட்டை. பிறகு மலையே சரிந்தது போல் புகை வந்து என்னையும் நிசாமையும் பூச்செடிகளையும் தெருவையும் மூடிவிட்டது.

புகைக்குள்ளிருந்து எதிர்வீட்டு மூதாட்டி தோன்றினார். படுக்கை உடுப்பு, கையில் பூவாளி. "இதற்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. இந்த நாட்டில் அது அவசியமும் இல்லை. நான் பதற்றத்தில் அவர் மொழியில் சொல் மாறி, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டேன்.

போனைத் தேடி எடுத்தேன். திரையில் என் பக்கத்துப் பெட்டியில் வெள்ளை. அண்ணன் பக்கத்துப் பெட்டியிலும் வெள்ளை. அங்கே பின்னேரம்; அவர் வாசலில் நின்றிருக்கிறார்; மிஸ்ட் இறங்கிவிட்டிருக்கிறது.

"டேய், ஒன்னக் காணோம்," என்றது அவர் குரல்.

"ஒங்களையும் காணோம்ணே."

"அங்கயும் மிஸ்டா?"

"ஆமாண்ணே." அது பொய் என்று நினைக்க எனக்கு மனமில்லை, உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத வெள்ளைக்குள்ளே அந்தச் சத்தம் மட்டும். நான் நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் லொறி இருந்தது. ஈரச் சாக்கு வாசம்கூட வந்தது, எங்கிருந்து வந்ததோ.

போனிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. அண்ணன் உதட்டைக் குவித்து ஏறிக்கொண்டிருந்தார். முடக்கில் தணிந்து, நேர் பாதையில் எழும்பி. பல் போன இடத்தால் கொஞ்சம் காற்றும் வந்தது.

"அதே சத்தமாண்ணே?"

"அதேதாண்டா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "விசாவுக்குப் போடு," என்றார்.

6

தாரணிதான் மாடியிலிருந்து இறங்கி வந்து, இருமிக்கொண்டே எஞ்சினை நிறுத்தி, நான் புரட்டிவிட்ட பக்கத்தைத் திறந்து வாசித்தாள். பிறகு போனை வாங்கி, தன்னிடமிருந்த தமிழையெல்லாம் திரட்டினாள்.

"பெரியப்பா, இது சூடா ஓடும்போதுதான் பார்க்க வேணுமாம். நின்னா, எண்ணெய் அதுட வீட்டுல இருக்காதாம். மெதுவா எஞ்சினுக்குள்ள போயிருமாம். கம்பியில ஒண்டும் காட்டாதாம். ஆனா இருக்குமாம்."

"அப்ப அது குடிக்கலியா?"

"இல்ல. நீங்க ரெண்டு பேரும்தான் கூட ஊத்தியிருக்கு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். ஊற்றியதை வடிக்கும் வரை இருவரும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை விட்டுவிட்டு அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை.

விண்ணப்பம் போட்டோம். ஊரோடு பிணைப்புகள் உண்டு என்பதற்குச் சான்று கேட்டிருந்தார்கள். "கோழிகளப் படம் எடுத்து அனுப்பவா?" என்றார் அண்ணன். கேலி என்று நினைத்தேன். கோழிகள், கறிமிளகாய்ப் பாத்தி, மதினி, மாடு என்று உண்மையாகவே எடுத்து அனுப்பினார். கைரேகை வைக்கக் கொழும்புக்குப் போய், அன்றைக்கே இரவு ரயிலில் திரும்பினார். இங்கே நான் காரைக் கழுவினேன். அவர் உயரத்துக்குச் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்தேன். தாரணி, "பெரியப்பா வந்தா எங்க கூட்டிட்டுப் போவம்?" என்று தானாகவே கேட்டாள்.

பதில் வந்தது. அதே வசனம். திரும்பிச் செல்வார் என்பதில் திருப்தி ஏற்படவில்லை.

இந்தத் தடவை என்னால் அதை வாசித்துக் காட்ட முடியவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்து, அங்கிருந்து அழைத்தேன். என் குரலைக் கேட்டதுமே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"இல்லேன்னுட்டானா?"

"இல்லேன்னுட்டான்ணே."

"சரி விடு."

"ஒங்களுக்காகத்தாண்ணே இந்தக் கார வாங்கினேன். அந்தச் சத்தத்த நீங்க ஓட்டிக் கேக்கணும்னு."

அந்தப் பக்கம் கோழி கத்தியது. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. அன்னிக்கிப் போனது காரு இல்லடா. மோட்டர் சைக்கிளு. பெரகலக் கடையில அன்னிக்கே கேட்டுட்டேன்."

"அப்ப அதே சத்தம்னு சொன்னீங்களேண்ணே?"

"பின்ன என்னத்தச் சொல்ல? அவ்வளவு எண்ணெய வாங்கி ஊத்திட்டு நிக்கிற."